குடாக்கரை பங்களாவில் நான் சொன்ன ‘இல்லை’

சேர்க்கிட் பங்களாக்களில் காவல் வேலைக்குச் சேரும் தம்பிமாருக்கு இதை எழுதுகிறேன். பொறுமையாக எழுத எனக்கு வராது. இத்தனை வருசம் போயும், பங்களாவை மேற்பார்த்த அந்த ஓவசியரை நினைத்தால் வயிறு எரிகிறது. என்னை நினைத்தால் அதைவிட மோசம்.

1. கம்பியில் குத்திய பெர்மிட்

பாசிக்குடாவுக்குக் கிட்ட, கடலைப் பார்த்தபடி ஒரு அரசாங்க சேர்க்கிட் பங்களா. அங்கே நான் காவல்காரன். இரண்டு அறை, நடுவில் ஹோல், பின்னால் குசினி. சுற்றுப்பயணம் வரும் உத்தியோகத்தருக்காகக் கட்டியது. அவர்கள் வராத நாட்களில் மற்ற அரசாங்க ஊழியர்களும் குடும்பத்தோடு வந்து தங்கலாம். கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதிக் கேட்டு அனுமதிப் பெர்மிட் எடுக்க வேண்டும்.

வந்ததும் அந்தப் பெர்மிட்டை என்னிடம் தந்துவிட வேண்டும் என்பது ஒழுங்கு. நான் கம்பியில் குத்தி வைப்பேன். மாதக் கடைசியில் ஓவசியர் எடுத்துப் போவார். தங்குகிறவர் கையில் ஒரு துண்டுக் கடுதாசியும் மிஞ்சாது. எந்த மடையன் போட்ட ஒழுங்கோ!

வெள்ளைக்காரன் காலம், உலக யுத்தத்துக்கு முந்திய ஒரு வருசம், மட்டக்களப்பு அரசாங்க டிஸ்பென்சரி ஒன்றில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி, மனைவியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் வந்தார். வாழைச்சேனை வரை ரயில், பிறகு மாட்டுக் கரத்தை. மூன்று நாள் பெர்மிட்.

“இந்தா கணபதி, பெர்மிட்,” என்று என் கையில் தந்தார். “மூணு வருசமா இந்தா போறம், இந்தா போறம் எண்டு பிள்ளையளை ஏமாத்திட்டன். இப்பதான் லீவு கிடைச்சது.”

பிள்ளைகள் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் கடலுக்கு ஓடினார்கள்.

2. “தந்தாரா?”

மறுநாள் மத்தியானம் ஓவசியர் சைக்கிளில் வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

“தோட்டத்துத் துரையும் நோனாவும் கார்ல வாறாங்க. உள்ளுக்கு ஆரு?”

சொன்னேன். அந்த வெள்ளைக்காரத் துரையும் மனைவியும் கடமைக்கு வரவில்லை, அவர்களும் விடுமுறைக்குத்தான் வருகிறார்கள். பெர்மிட்டும் கிடையாது. ஓவசியர் நேரே கம்பியடிக்குப் போனார். அப்போதிக்கரியின் பெர்மிட்டை உருவி மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

“கேட்டா, தரல்ல எண்டு சொல்லு. உனக்கு இந்த வேலை வேணுமா, வேணாமா?”

அப்போதிக்கரியை வெளியே கூப்பிட்டுப் பெர்மிட்டைக் காட்டச் சொன்னார்.

“நேத்து வந்த உடனே கணபதியிட்ட குடுத்திட்டன். கேட்டுப் பாருங்க.”

“கணபதி, தந்தாரா?”

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “இல்லை ஐயா,” என்றேன்.

மூத்த பிள்ளைக்குப் பத்து வயதிருக்கும். தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், “அப்பா, பெர்மிட் இல்லாமலா எங்களைக் கூட்டி வந்தீங்க?” என்று கேட்டாள். அவர் என்னைத்தான் பார்த்தார். பிள்ளை கையை விட்டுவிட்டாள்.

ஓவசியர் அப்போதே அறையைக் காலி பண்ணச் சொன்னார். அரை அவியலாய் இருந்த சோற்றுப் பானையைத் துணியால் சுற்றி மனைவி கரத்தையில் ஏற்றினார். ஏறும்போது, “நீயும் பிள்ளைகுட்டிக்காரன்தானே,” என்றார். நான் அவர்களுடைய பெட்டியைத் தூக்கிக் கரத்தையில் வைத்தேன்.

3. துரையின் முட்டை

அடுத்த நாள் காலை, சாப்பாட்டு மேசையில் துரை தோட்டத்துத் தமிழில் கேட்டார்: “நேத்து வண்டியில போனது யாரு?”

இங்கே தங்கியிருந்தவர்கள் என்றேன்.

“ஏன் போச்சு? நமக்கு ஒரு ரூம் போதும்தானே.”

சொல்லிவிட்டு அவித்த முட்டையை உடைத்துத் தின்னத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு அறை பங்களா! துரை யாரையும் வெளியேற்றச் சொல்லவே இல்லை. அவர் வாய் திறக்கும் முன்னரே நம்முடைய ஆளே நம்முடைய ஆளைத் துரத்தியிருக்கிறான். நானும் அதற்குச் சாட்சி சொன்னேன்.

4. டிஸ்பென்சரி

இரண்டு கிழமை கழித்து மட்டக்களப்புக்குப் போனேன். நோயாளிகளோடு வரிசையில் நின்று, என் முறை வந்ததும், “பொய் சொல்லிப்போட்டன் ஐயா,” என்றேன்.

அப்போதிக்கரி மருந்துப் போத்தலை மூடி ஒரு பக்கம் வைத்தார்.

“இத ஏன் எனக்கிட்ட சொல்றாய்? நான் தந்தது எனக்குத் தெரியாதா? என்ட மூத்தவள்தான் என்னைக் கள்ளன் எண்டு நினைச்சிக்கிட்டு இரிக்காள். நான் சொன்னா நம்புறாள் இல்ல. வீடு பின்னுக்குத்தான். போய் அவளுக்குச் சொல்லு.”

வீட்டு வாசல் படலை வரை போனேன். உள்ளே பிள்ளைகளின் சத்தம் கேட்டது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொல்லித் திரும்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை எவருடைய பெர்மிட்டையும் நான் வாங்கி வைத்ததில்லை. வாசிப்பேன், பெயரைப் புத்தகத்தில் மையால் எழுதுவேன், “உங்கட கையிலயே இரிக்கட்டும்” என்று திருப்பிக் கொடுப்பேன். ஓவசியர் இரண்டு தடவை என்னைப் பற்றி மேலிடத்துக்கு எழுதினார். எழுதட்டும் என்று விட்டேன். தம்பிமாரே, நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஆனால் அதனால் என் கணக்குத் தீர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியாது. அவளுடைய கண்ணில் இது பட்டால் போதும்: அம்மா, உங்கள் அப்பா பெர்மிட் தந்தார். நான்தான் வாங்கினேன்.