விவரம் போதாத வேண்டுதல்

என் மனைவிக்கு அடுத்த வாரம் இதய வால்வு ஆபரேஷன் என்று முடிவானதும், அவள் என்னைக் காளிகாட் காளி கோயிலுக்குப் போகச் சொன்னாள். கடவுள் இருப்பதற்கு ஆதாரம் போதாது என்பது என் நெடுநாள் கட்சி.

"இல்லாதவகிட்ட போய் என்னத்தக் கேக்கறது?" என்றேன்.

"நீங்க ஒண்ணும் நம்ப வேண்டாம். என் பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டு வாங்கோ, போதும்."

போனேன். பூசாரி அவள் பெயரையும் கோத்திரத்தையும் மட்டும் கேட்டுவிட்டு மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். நம் ஊர்க் கோயில்களில் நட்சத்திரம் சொல்லாமல் அர்ச்சனை நகராது. ஆயுள் முழுக்க அரசாங்க வேலை பார்த்தவனுக்கு இது பொறுக்கவில்லை. நிறுத்தச் சொல்லி, எனக்குத் தெரிந்த வங்காளத்தில், "நட்சத்திரம் உத்திரம். அதையும் சேருங்கள்" என்றேன்.

"இங்கே அது வழக்கமில்லை, பெரியவரே. மா காளிக்கு எல்லாம் தெரியும்."

"இதே பெயரில், இதே கோத்திரத்தில் இந்த ஊரில் எத்தனை பேரோ! பலன் வேறு யாருக்காவது போய்விட்டால் யார் பொறுப்பு?"

பின்னால் நின்றவர்கள் கத்தத் தொடங்கினார்கள். நான் நகரவில்லை. கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே உத்திரத்தையும் சேர்த்து, முதலிலிருந்து சொன்னார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைப் பெருமையாகவே சொன்னேன். அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"இல்லாத அம்பாள் எப்படி ஆள் மாத்திக் குடுப்பா?"

"நடைமுறைன்னு ஒண்ணு இருக்கே" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. நான் பயந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போதும், போதும். மிச்சத்தை ஆபரேஷனுக்கு அப்புறம் சிரிச்சுக்கோ."