கோபத்துக்கு இங்கிலீஷ்

பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் என் மாமா அருமைநாயகம் படித்த இங்கிலீஷில் கோபத்துக்கு ஒரே சொல்தான் இருந்தது. அதுவும் கர்த்தருக்கு மட்டும் வரும் கோபம். மனுஷக் கோபத்தின் இங்கிலீஷை அவர் பஞ்சாலைத் துரையிடம்தான் கற்றார். துரை பேசியது கப்பற்காரர்களின் கொச்சை. ‘என் குரங்கு எழுந்துவிட்டது’ என்பார். ‘என் கம்பளி தொலைந்தது’ என்பார். ‘என் சட்டை வெளியே வந்துவிட்டது’ என்பார். மூன்றுக்கும் பொருள் கோபம்தான். கம்பளி என்றால் மேஜையைக் குத்துவார். குரங்கு என்றால் பிரம்பைத் தேடுவார். பதினோரு வருஷம் மாமா இவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்தார்.

ரைட்டர் என்று அழைக்கப்பட்ட குமாஸ்தா அவர்; துரைக்கும் கூலிகளுக்கும் நடுவே பேச்சை மொழிபெயர்த்துச் சொல்வது அவர் வேலை. துரை கத்தினால் ‘துரை வருத்தப்படுகிறார்’ என்பார். கூலிகள் வைதால் ‘பணிந்து வேண்டுகிறார்கள்’ என்பார்.

1912 ஆனியில், பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கும் இயந்திரத்தில் ஆறுமுகத்தாய்க்கு இரண்டு விரல் போயிற்று. மறுநாள் அதே இடத்தில் அன்னத்தாயை உட்காரச் சொன்னார்கள். பற்சக்கரத்தைப் பலகை அடித்து மூடாமல் உட்கார மாட்டேன் என்று அவள் துரையை முகத்துக்கு நேரே வைதாள். மாமா வழக்கம்போல் இனிப்பாக மாற்றிச் சொன்னார். துரை சிரித்தார்.

“நான் வையுதேன், துரை சிரிக்காரு. என்னத்த ரைட்டரய்யா சொன்னீய?”

மாமா நோட்டைப் புரட்டினார்.

“விரலு உங்களுக்கா போவுது? நான் சொன்னத அப்படியே சொல்லுங்க. இல்லன்னா நீங்க வந்து உக்காருங்க.”

மற்றப் பெண்கள் வாசலை மறித்துக்கொண்டார்கள். மாமா சொன்னார். அவரிடம் இருந்த கோபமெல்லாம் துரையிடம் கற்ற கோபம். குரங்கு, கம்பளி, சட்டை எல்லாவற்றையும் துரையின் வேகத்திலேயே அடுக்கினார். துரை அன்னத்தாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குமாஸ்தா தன்னை நடித்துக் காட்டுகிறான் என்றே நினைத்தார். பிரம்பு மாமாவின் காதோடு விழுந்தது. வேலை அன்றே போயிற்று.

பேச ஆளில்லாமல் துரை கையால் சைகை காட்டினார். பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் நாள் தச்சன் நமச்சிவாயம் வந்து பலகை அடித்தான்.

அடுத்த மாதம் நான் ரங்கூனிலிருந்து திரும்பியபோது, அன்னத்தாயின் விரல்களைத் தான்தான் காப்பாற்றியதாக மாமா சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வந்து ஒரு நன்றி சொல்லவில்லையாம். ஆற்றங்கரையில் அவளைப் பார்த்து அதைக் கேட்டேன். அவள் துணியை அடித்துத் துவைப்பதை நிறுத்தவில்லை.

“வைகாசியில ஆறுமுகத்தாயும் இதே பலகையத்தான் கேட்டா. ஒப்பாரி வச்சுக் கேட்டா. அத எப்படிச் சொன்னாருன்னு ஒங்க மாமாகிட்ட கேளுங்க.”

கேட்டேன். 

“ஒரு பலகை இருந்தா நல்லாயிருக்கும்னு அவ அபிப்பிராயப்படுதான்னு துரைகிட்ட சொன்னேன்.”

அவர் வீட்டில் நான் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.