பாதி ரஜாயுடன் காசிமேடு வரை

இந்த வலைப்பூவில் இதுவரை எழுதியதெல்லாம் ஆசைப்பட்டுப் போன ஊர்கள். இது அப்படி இல்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் காசிமேட்டுக்குப் போனது, செய்த தப்பை நேரில் சொல்லிவிட்டு வருவதற்காக. வழி, செலவு, நேரம் எல்லாம் வழக்கம்போல உள்ளே இருக்கிறது. ஆனால் இந்த முறை மட்டும் கடைசி வரி வரை படித்துவிடுங்கள். உங்களில் யாரோ ஒருவரிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது.

போன வருடம் மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றி எழுதப் போயிருந்தேன். பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். அங்கே ஒரு தெருவில் கிறிஸ்தவ வீடுகளும் முஸ்லிம் வீடுகளும் கலந்து இருக்கும். அந்தத் தெருப் பெண்கள் சேர்ந்து, உள்ளே பஞ்சு வைத்த போர்வையாக ஓர் ஒட்டுத்துணி ரஜாய் தைத்து, தேவாலயத் திருவிழாச் சந்தையில் விற்பனைக்குத் தொங்கவிட்டிருந்தார்கள். நாற்பத்தெட்டு வீடு, வீட்டுக்கு ஒரு சாண் சதுரம். ஹார்பரில் வேலை பார்த்தவரின் காக்கி, மணலி தொழிற்சாலையின் நீல யூனிஃபார்ம், பாடகர் குழுவின் வெள்ளை, பழைய புர்காவின் கறுப்பு, பள்ளிக்கூடக் கட்டம். தெருவுக்கென்று சொந்தமாக ஓர் ஐஸ் பெட்டி வாங்கத்தான் அந்த நிதி. சாவு விழுந்த வீட்டில் உடலை வைக்கிற பெட்டி. சித்திரை வெயிலில் வாடகைப் பெட்டிக்குக் காத்திருந்தவர்கள் பட்ட பாட்டைக் கேட்டால் நீங்களும் வாங்கியிருப்பீர்கள். "நாங்க அன்னிக்கே அடக்கம் பண்ணிடுவோம், எங்களுக்கு இந்தப் பொட்டியே வோணாம்" என்று சொல்லிக்கொண்டே நாற்பத்தெட்டையும் மிஷினில் ஓட்டி இணைத்தவர், தெருவின் தையல்காரர் ரகமத்.

நான் வாங்கினேன். விலைக்கு மேல் ஒரு நிபந்தனை வைத்தார்கள். வாங்குகிறவர் வருடா வருடம் திருவிழாவுக்கு முந்தைய ஞாயிறு ரஜாயை எடுத்துவந்து, தெருவில் ஒரு மணி நேரம் விரித்துவைக்க வேண்டும். அவரவர் சதுரத்தை அவரவர் பார்ப்பார்களாம். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். வடசென்னையில் இப்படியும் ஒரு வேடிக்கை என்று பதிவிலும் எழுதினேன்.

டிசம்பரில் ஏற்காடு போனேன். காரில் போர்த்திக்கொள்ள அந்த ரஜாயும் வந்தது. விடுதிக்காரர், பதிவு எழுதுகிறவர் என்று மூன்று நாள் காசு வாங்காமல் தங்கவைத்தார். அவர் மனைவி ரஜாயைத் தடவித் தடவிப் பார்த்தார். ஓசியில் தங்கிய கூச்சம் எனக்கு. வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் நிபந்தனை நினைவுக்கே வரவில்லை என்று எழுத ஆசைதான். வந்தது. யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

கேட்டார்கள். மூன்று வாரத்துக்கு முன் பிலோமினா அக்கா ஃபோன் செய்தார். மீன் விற்பவர், ஐஸ் பெட்டிக்காக வீடு வீடாக ஏறி இறங்கித் துணி கேட்டவர். "ரஜாய எடுத்துகினு வந்துடு சார். அதுல என் பையன் துணி ஒண்ணு கீது, பாக்கணும்" என்றார். அவர் மகன் ஆன்டோ விசைப்படகில் போய்த் திரும்பி வராதவன் என்று போன வருடமே தெரியும். அவன் துணி அதில் இருப்பது தெரியாது. வருகிறேன் அக்கா என்று சொல்லி வைத்துவிட்டு ஏற்காட்டு விடுதிக்கு ஃபோன் அடித்தேன். வாஷிங் மெஷினில் போட்டிருக்கிறார்கள். உள்ளே பஞ்சு உருண்டு, தையல் விட்டுப்போய்விட்டது. பாதியைக் குளியலறை வாசலில் மிதியடியாகப் போட்டுவிட்டு, மீதியில் நன்றாக இருந்த சதுரங்களை வெட்டிச் சுருக்குப்பை தைத்து, கிளம்பும் விருந்தாளிகளுக்கு மிளகு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, நான் எதையும் சொல்லாமல்தானே கொடுத்தேன். மிதியடி கூரியரில் வந்தது. இருபத்தொரு சதுரம். சோப்புப் போட்டு நானே அலசிக் காயவைத்தேன். அதில் ஆன்டோவின் சதுரம் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அக்காவிடம் ஃபோனில் அடையாளம் கேட்கத் தைரியம் வரவில்லை.

இனி பயணம். தாம்பரத்தில் காலை 6.40 மின்சார ரயில். இராயபுரம் வரை பத்து ரூபாய் டிக்கெட். கடற்கரை நிலையத்தில் இறங்கி, கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் வண்டிக்கு மாறவேண்டும். நடுவில் பதினைந்து நிமிடம் கிடைக்கும், தேநீர் குடிக்கலாம். அடுத்த நிலையமே இராயபுரம். வண்டி நின்றது. கதவருகில்தான் நின்றிருந்தேன். ரஜாய் இருந்த ரெக்ஸின் பையைத் தூக்கினேன், மறுபடி கீழே வைத்தேன். வண்டி கிளம்பிவிட்டது.

வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் அடுத்ததில் இறங்கித் திரும்பலாம் என்று சொல்லிக்கொண்டே எண்ணூர் வரை போய்விட்டேன். டிக்கெட் இராயபுரத்துக்குத்தான். பரிசோதகர் வரவில்லை. ஐம்பது வயதில் செய்கிற வேலையா இது, நீங்கள் செய்யாதீர்கள்.

எண்ணூர் போகிறவர்களுக்காக: நிலையத்திலிருந்து முகத்துவாரம் சுமார் இரண்டரை கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் பதினைந்து ரூபாய். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புகைபோக்கிகள். சாம்பல் நிறத் தண்ணீரில் இடுப்பளவு நின்று கையாலேயே இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல படங்கள் கிடைக்கும் இடம். நான் ஒன்றுகூட எடுக்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எப்படிச் சொல்வது என்று யோசித்ததாகச் சொல்லலாம். உண்மையில் பயந்துகொண்டிருந்தேன்.

9.45க்குப் பாரிமுனை போகும் பேருந்து, காசிமேடு வரை பதினைந்து ரூபாய். பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் கடலோரச் சாலை முழுக்க கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். ஒரு மணி நேரம் ஐந்து நிமிடம் ஆயிற்று. துறைமுக வாசலில் இறங்கி ஆட்டோ பிடித்தேன், ஒரு கிலோமீட்டருக்கு நாற்பது ரூபாய். மீன்பிடித் தடைக்காலம் முடிந்த நேரம், தெருவே மீன் வாசனை. "இன்னா சார் மூட்டை, மெத்தையா?" என்றார் ஓட்டுநர். பாதி மெத்தை என்றேன். மீதி எங்கே என்று கேட்டார். அதற்குள் தெரு வந்துவிட்டது.

தெருவின் குறுக்கே சேலை கட்டி நிழல் செய்திருந்தார்கள். கீழே இரண்டு பாய், முழு ரஜாய்க்கு இடம் விட்டு. இருபது முப்பது பெண்கள் இருப்பார்கள், சிலர் தேவாலயத்திலிருந்து அப்படியே வந்திருந்தார்கள். ஓரமாகக் கொட்டகையில் புது ஐஸ் பெட்டி, பூப்போட்ட ரெக்ஸின் உறை போட்டு. பிலோமினா அக்கா என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டு, கையில் தேநீரைக் கொடுத்தார். அதைக் குடித்து முடிக்கும்வரை பையை யாரும் கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாக நான் எங்கேயும் தேநீர் குடித்ததில்லை.

பிறகு சொல்லிவிட்டேன். ஏற்காடு, ஓசித் தங்கல், மிதியடி, சுருக்குப்பை, எதையும் விடவில்லை. ரகமத் வந்து பையைத் திறந்து, இருந்ததை விரித்தார். பாயில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. பெண்கள் குனிந்து தேடினார்கள். காக்கி இருந்தது. புர்காத் துணி இருந்தது. கிடைத்தவர்கள் தங்கள் சதுரத்தில் கையை வைத்து அப்படியே உட்கார்ந்தார்கள். கிடைக்காதவர்கள் பின்னால் நகர்ந்து நின்றார்கள். பிலோமினா அக்கா கடைசியாக வந்தார். ஒவ்வொரு சதுரமாகத் தடவி, ஓரம் வரை போனார். பிறகு மொத்தத்தையும் புரட்டிப்போட்டுப் பின்பக்கமும் பார்த்தார். பின்பக்கம் வெறும் வெள்ளைத் துணி என்று அவருக்குத் தெரியாதா?

"இல்ல" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

மீதியை ரகமத் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆன்டோவின் உடல் வரவில்லை. உடல் வராதவர்களுக்குத் துணிமணியைச் சவப்பெட்டியில் வைத்து அடக்கம் செய்வார்களாம். அக்காவும் ஒரு கைக்குட்டை விடாமல் எல்லாவற்றையும் வைத்து மூடிவிட்டார். ஆனால் அவன் இருந்த கடைசிக் கிறிஸ்துமஸுக்கு அவனுக்குச் சட்டை தைத்தது ரகமத். வெட்டியதில் மிஞ்சிய ஒரு துண்டு அவருடைய வெட்டுத்துணி மூட்டையில் கிடந்திருக்கிறது. அக்கா தன் வீட்டுத் துணி எதுவும் தரவில்லை, அவர் வீட்டுக்கும் ஒரு சதுரம் வேண்டுமே என்று மூட்டையிலிருந்து கையில் வந்ததை எடுத்துத் தைத்துவிட்டார், யாருடையது என்று தெரியாமல். ரஜாய் முடிந்து தெருவில் விரித்துப் பார்த்த அன்றுதான் அக்கா கண்டுபிடித்தார். பிரித்துத் தருகிறேன் என்று ரகமத் சொன்னதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாளே சந்தை, ஐஸ் பெட்டி வாங்கியாக வேண்டும்.

"அக்காவுக்காகதான் சார் அந்த வருசா வருசம் விரிக்கிற பேச்சே வெச்சோம்" என்றார் ரகமத். "உன்கிட்ட காரணத்த சொல்லல. செத்தவன் துணி கீதுன்னா வாங்க மாட்டன்னு பயந்துகினு சொல்லல. என் மேலயும் தப்பு கீது."

சொல்லியிருந்தால் வாங்கியிருப்பேனா? தெரியவில்லை. ஆனால் வாங்கியிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன், அது மட்டும் தெரியும். காரணம் சொன்னால்தான் வாக்கைக் காப்பாற்றுகிற ஆளாக இருந்திருக்கிறேன் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அக்கா திரும்பி வந்தார். முகம் கழுவியிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சுருக்குப்பையில் என்ன போட்டுக் கொடுத்தார்கள் என்று கேட்டார். மிளகு என்றேன்.

"மொளகுன்னா யாரும் தூக்கிப் போட மாட்டாங்க சார். அடுப்பாண்டதான் வெச்சிருப்பாங்க."

இருபத்தொரு சதுரத்தையும் ரகமத்திடம் விட்டுவிட்டு, 12.40க்குக் கிளம்பினேன். இராயபுரம் நிலையம் இரண்டு கிலோமீட்டர், நடந்தே போனேன். மொத்தச் செலவு நூறு ரூபாய்க்குள்தான். போகிறவர்கள் ஞாயிறு காலை எட்டு மணிக்குள் காசிமேடு போய்விடுங்கள், மீனும் மலிவு, வெயிலும் குறைவு. எண்ணூர்ப் பேருந்தில் கடல் பக்க ஜன்னலாகப் பார்த்து உட்காருங்கள். இப்படிப்பட்ட விற்பனைகளில் எதையாவது வாங்கினால், அது யார் துணி என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இப்போது என் வேலை. போன டிசம்பர் பதிவில் அந்த ஏற்காடு விடுதியை ஆஹா ஓஹோ என்று எழுதியிருந்தேன். அதை நம்பிப் போய்வந்ததாக உங்களில் பலர் பின்னூட்டம் போட்டிருக்கிறீர்கள். கிளம்பும்போது மிளகுப் பை கொடுத்தார்கள் என்று இரண்டு பேர் மெச்சியும் இருக்கிறீர்கள். சமையலறைக்குப் போய்ப் பாருங்கள். ஆன்டோவின் சதுரம் இளநீலத் துணி, மெல்லிய வெள்ளைக் கோடு. அந்த வரிசை தைக்கும்போது நீல நூல் தீர்ந்துபோனதால் ரகமத் சிவப்பு நூல் போட்டிருக்கிறார், குறுக்கே அந்தத் தையல் தெரியும். இருந்தால் மிளகை ஒரு டப்பாவில் கொட்டிக்கொண்டு, கீழே ஒரு வார்த்தை எழுதுங்கள். எந்த ஊராக இருந்தாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். துவைக்க வேண்டாம். மிளகு வாசனை அடித்தால் பரவாயில்லை என்று அக்கா சொல்லச் சொன்னார்.