அப்பா வீட்டுப் பச்சை விளக்கு

எண்பதைத் தாண்டிய அப்பாவை ஏமாற்றுவது சுலபம் என்று நினைத்தவன் நான். அதிலேயே என் அறிவின் அளவு உங்களுக்குப் புரிந்திருக்கும். முதியவர்களைக் கண்காணிக்கும் கருவி ஒன்றை வாங்கிவந்து, அவர் வீட்டுக் கூடத்தில் ஒன்றும் படுக்கையறையில் ஒன்றுமாக மாட்டி, "கொசு மெஷின்ப்பா" என்று சொன்னேன். ஆயுசில் பாதியை டர்பைன் பூட்டிக் கழித்த மனுஷனிடம். அப்பா அந்தப் பெட்டியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னையும் அதே மாதிரி பார்த்தார். நம்பிவிட்டார் என்ற வெற்றிக்களிப்பில் ஸ்டூலிலிருந்து இறங்கினேன். ஸ்டூல் ஆடியது. விழப்போன என்னைத் தாங்கிப் பிடித்தவர் அப்பாதான். அவர் விழுந்துவிடுவாரே என்றுதான் அந்தக் கருவியையே வாங்கியிருந்தேன்.

அம்மா போன பிறகு அப்பா ராமச்சந்திராபுரத்தில் தனியாக இருந்தார். அவர் வேலை பார்த்த டர்பைன் கம்பெனியின் கேட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ரிட்டயர் ஆன பணத்தில் கட்டிய சின்ன வீடு. எனக்கு ஊருக்கு நடுவில், பேகம்பேட்டில் ஆபீஸ். வீடு அதையும் தாண்டி. ஒருநாள் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து, வேலைக்கார அம்மா வரும்வரை ஈரத்தரையிலேயே கிடந்திருக்கிறார். அதை எங்களிடம் சொன்னது அடுத்த வாரம், அதுவும் மழை பெய்ததைச் சொல்லும்போது நடுவில். என்னோடு வந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். என் மனைவியும் கெஞ்சினாள். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: "என் வீட்டுல நான் இருந்துக்கறேனே." கனடாவிலிருக்கும் தங்கை போனில் அழுதாள். அவள் அழுகைக்கும் அப்பா பிடிவாதத்துக்கும் நடுவில் வந்து சேர்ந்ததுதான் கொசு மெஷின்.

அது படம் எடுக்காது. ஆள் நடமாட்டத்தை மட்டும் மோப்பம் பிடிக்கும். பெட்டியில் ஒரு சின்ன விளக்கு; அதே நிறத்தில் என் போனிலும் தங்கை போனிலும் ஒரு புள்ளி. எல்லாம் வழக்கப்படி நடந்தால் பச்சை; வயதானவர் பகலில் படுத்திருந்தாலும் பச்சைதான். மாறினால் மஞ்சள். ரொம்ப மாறினால் சிவப்பு. வழக்கம் எது என்று நாம்தான் முதலில் சொல்லித்தர வேண்டும். ராத்திரி சாப்பாடு ஆனதும் படுப்பார், விடிந்து எழுவார், மத்தியானம் ஒரு தூக்கம் என்று பதிந்துவிட்டேன். அப்பாவைக் கேட்கவில்லை. கொசு மெஷினுக்கு எதற்கு அவர் தூங்கும் நேரம்?

மாட்டிய சனி, ஞாயிறு இரண்டு நாளும் பச்சை. அடுத்த வாரம் ராத்திரி பத்து மணிவாக்கில் தினமும் மஞ்சள்: ஆள் வீட்டில் இல்லை. அதற்கடுத்த வாரம் ராத்திரி சரியாகிவிட்டது, விடியாத இருட்டில் மஞ்சள். பிறகு ஒரு வாரம் மத்தியானத்தில். போன் போட்டு எங்கே போனீர்கள் என்று கேட்டால் "சும்மா வெளிய" என்பார். நான் வைத்ததும் தங்கை கூப்பிட்டு அதையே கேட்பாள். அவளுக்கும் சும்மாதான். மாதக் கடைசியில் கருவி தானாகவே ஓர் அறிக்கை அனுப்பியது. பொழுது பற்றிய குழப்பம் தெரிகிறது, மருத்துவரைப் பார்ப்பது நல்லது என்று மிக மரியாதையாகச் சொன்னது. அந்த மரியாதைதான் பயமாக இருந்தது.

"அண்ணா, அப்பாவுக்குப் பகல் எது, ராத்திரி எதுன்னு தெரியல" என்றாள் தங்கை. பட்டான்செரு பக்கம் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறதாம், தோட்டமெல்லாம் உண்டாம், விசாரித்துவிட்டாள். நான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். அதற்கு முன்னால் இன்னொரு வழி இருந்தது. கருவி விற்ற ஆட்களிடமே வாசல் கதவுக்கு ஒரு பூட்டு கிடைத்தது. தூங்கும் நேரத்தில் உள்ளேயிருந்து திறக்காது. போனில் நான் அனுமதி கொடுத்தால் திறக்கும்.

"தீப்பிடிச்சா?" என்று மனைவி கேட்டாள்.

ஆப்பில் ஒரு பட்டன் இருக்கிறது, அழுத்தினால் போதும் என்றேன்.

"உங்க மீட்டிங் முடியற வரைக்கும் தீ வெளிய உக்காந்திருக்குமா?"

வீட்டில் ஒருவர் ஜோக்கடித்தால் போதும், இரண்டாவது ஆள் எதற்கு என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூட்டை மாட்டினேன். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அப்பாதான் உள்ளங்கையில் வைத்து எடுத்துக்கொடுத்தார். பழைய பூட்டைக் கழற்றியதும் அதன் சாவியைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இனி அது எதையும் திறக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. அமைதி தாங்காவிட்டால் நான் என்ன செய்வேன் என்று என்னைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். ஜோக்கடிப்பேன்.

"இது கொசு மெஷின் இல்லப்பா, உங்க மாமியார். இந்த விளக்கு பச்சையா இருந்தா உங்க வீட்டுல நீங்க ராஜா. மஞ்சளானா உங்க மக ஆரம்பிச்சுடுவா. சிவப்பானா நேரா பட்டான்செருதான், பெட்டிய கட்டிக்குங்க."

அப்பா கவனமாகக் கேட்டுக்கொண்டார். சிரித்தேன். அவரும் சிரித்தார் என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு எல்லாம் பச்சை. ராத்திரி, விடிகாலை, மத்தியானம், எப்போது பார்த்தாலும் பச்சை. தங்கை தினமும் எனக்கு ஒரு இதயப் படம் அனுப்பினாள். ஆபீசில் போனை நீட்டிப் பெருமையடித்தேன். சக ஊழியர்கள் இரண்டு பேர் தங்கள் அம்மாக்களுக்கு அதையே வாங்கினார்கள். மனிதன் புரளாமல்கூடத் தூங்குவானா என்று எனக்குத் தோன்றவே இல்லை. பச்சை என்றால் பச்சைதானே.

ஒருநாள் அப்பாவின் பழைய சிநேகிதர் போன் செய்தார். ஒரே டர்பைன் ஷாப்பில் அப்பாவோடு வேலை பார்த்தவர். தெலுங்குக்காரர், தமிழை அப்பாவிடம் கற்றுக்கொண்டு, நடுநடுவே ஹிந்தியைத் தூவிப் பேசுவார். அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன், எல்லாம் பச்சை என்று வாய்வரை வந்தது. "அப்ப கைக்கு பேட்டா, ட்யூட்டிக்கு வரல்ல?" 'கைக்கு' என்றால் அவர் ஹிந்தியில் 'ஏன்', 'பேட்டா' என்றால் 'மகனே'.

எந்த ட்யூட்டி? அவர் சொல்லித்தான் தெரிந்தது. அவர்கள் கேங்கில் மிச்சமிருக்கும் நாலைந்து பேரும் ரிட்டயர் ஆன பிறகும் ஷிஃப்டை விடவில்லை. ஏ ஷிஃப்ட் வாரம் என்றால் விடிவதற்கு முன், பி ஷிஃப்ட் என்றால் மத்தியானம் இரண்டு மணி, சி ஷிஃப்ட் என்றால் ராத்திரி பத்து. கேட்டுக்கு எதிரே இருக்கும் சாய் பண்டியில், அதாவது டீத் தள்ளுவண்டியில், சங்கு ஊதும் நேரத்துக்குக் கூடுவார்கள். ஆளுக்கு ஒரு சாய், உள்ளே போகிறவர்களை நாலு கிண்டல், அப்புறம் வீடு. வராதவன் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்ப்பார். அப்பா வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். அவர் ஜன்னலுக்குக்கூட வராமல், படுத்த இடத்திலிருந்தே போகச் சொல்லியிருக்கிறார்.

சி ஷிஃப்ட் வாரத்தில் பகலெல்லாம் சத்தம் போடாமல் விளையாடி வளர்ந்த பிள்ளை நான். அப்பா தூங்குகிறார் என்று அம்மா குக்கர்கூட வைக்கமாட்டாள். வாரத்துக்கு வாரம் பொழுது மாறுகிற வீடு அது. அதை எனக்குக் கருவி சொல்லித்தர முடியாது. நான்தான் கருவிக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். பி ஷிஃப்ட் வாரம். கூடத்தில் வெயில் விழுந்திருந்தது. வாசலில் அப்பாவின் செருப்பு தூசி படிந்து அதே இடத்தில் இருந்தது, அதற்குள் ஒரு சிலந்தி. டிபன் பாக்ஸில் வேலைக்கார அம்மா வைத்த சாதம் மூடி திறக்காமல் இருந்தது. படுக்கையறையில் அப்பா மல்லாந்து படுத்திருந்தார், கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டி. பிறகு கண்களைப் பார்த்தேன். திறந்திருந்தன. சுவரில் இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தன.

இளைத்திருந்தார். வெகுநாளாகப் படுத்தே கிடந்த கால்கள் போர்வைக்கு வெளியே குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தன. ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தேன். வாசல் பூட்டைக் கழற்றினேன். இந்தமுறை ஸ்க்ரூக்களைப் பிடிக்க ஆளில்லை. தரையில் உருண்டு ஓடின. கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். தூரத்தில் கம்பெனிச் சங்கு ஊதியது.

"அப்பா, கதவு திறந்திருக்கு. உங்க கேங் காத்துக்கிட்டிருக்கும். எழுந்திரிங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. உதடு மட்டும்தான் அசைந்தது.

"நகராதடா, பச்ச போயிடும்."