சோசியம் படிக்கிற பொண்ணு

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு வாரத்தில், அடையாற்றங்கரையில் ஆரம்பித்தது இது. அப்போது நான் எம்.ஏ. சோசியாலஜி முதல் வருடம். ஆற்றோரக் குடிசைகளை எடுத்துவிட்டு, அங்கே இருப்பவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. போவதைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி வர வேண்டும். கல்லூரியில் எங்களுக்குக் கொடுத்த வேலை அதுதான்.

நான் எடுத்த படிப்பு எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. மந்தைவெளியில் எங்கள் அபார்ட்மெண்டில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், இலை போடுவதற்கு முன்னால், "அதைப் படிச்சா என்னம்மா வேலை கிடைக்கும்?" என்ற கேள்வி வந்துவிடும். எனக்கா வாய் சும்மா இருக்கும்? பத்திரிகை, தொண்டு நிறுவனம், ஹெச்.ஆர்., மார்க்கெட் ரிசர்ச், வாத்தியார் வேலை, கொடுத்துவைத்திருந்தால் ஐ.ஏ.எஸ். என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். "ஒண்ணும் கிடைக்கலைன்னா உங்க வீட்டுச் சண்டைக்குப் பஞ்சாயத்து பண்ண வரேன் மாமா" என்று முடிப்பேன். பந்தியே சிரிக்கும். அந்தச் சிரிப்பு கிடைத்தால் எனக்குச் சாப்பாடுகூட வேண்டாம்.

ஆற்றங்கரையில் அந்த வாய் எடுபடவில்லை. எங்களைப் பார்த்ததுமே கதவைச் சாத்தினார்கள். கணக்கெடுக்க வந்த ஆட்கள் என்று பயம். ஒரே ஒரு அக்கா மட்டும், வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்தார். ஆழ்வார்பேட்டையில் சில வீடுகளில் வேலை செய்பவர். அவர் கணவர் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து கால் போய்விட்டதால் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பாப்பா படிக்கிற?"

"சோசியாலஜிக்கா."

"சோசியமா?" ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தே விட்டார். "யோவ், இங்க பாருய்யா, இந்தப் பொண்ணு காலேஜுல சோசியம் படிக்குதாம்! எம்மா, என் கையக் கொஞ்சம் பாத்துச் சொல்லேன். எங்கள இங்கயே உடுவாங்களா, தொரத்திடுவாங்களா?"

கூட வந்த தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "அது வேற, இது வேறக்கா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, குடுகுடுப்பைக்காரர் குரலில், "நல்ல காலம் பொறக்குது! தை பொறந்தா இந்த ஆத்தங்கரையிலயே உனக்குக் கல்லு வீடு தாயி!" என்று எடுத்துவிட்டேன். தோழிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். விளையாட்டு என்று அவருக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சோசியம் படிக்கிற பொண்ணு வந்திருக்கிறது என்று சந்து முழுக்கப் பரவிவிட்டது. சாத்திய கதவெல்லாம் திறந்தது. பெண்கள் கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள், நானும் "பாக்கலாம், பாக்கலாம், முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க" என்று கேள்விகளைக் கேட்டு முடித்தேன். அந்த அக்கா டீ போட்டுக் கொடுத்தார். கல்லூரியில் என் அறிக்கைக்குத்தான் நல்ல பெயர். மக்களோடு எப்படிப் பழக வேண்டும் என்று இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பேராசிரியர் வகுப்பிலேயே சொன்னார். நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

படிப்பு முடிந்தது. ஆழ்வார்பேட்டையில் ஒரு மார்க்கெட் ரிசர்ச் கம்பெனியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். வீடு வீடாகப் போய் என்ன சோப்பு வாங்குகிறீர்கள், எதற்காக அதை வாங்குகிறீர்கள் என்று கேட்கிற வேலை. "முகம் தெரியாதவங்களை எப்படிப் பேச வைப்பீங்க?" என்று கேட்டார்கள். எனக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. அந்தச் சோசியக் கதையை, குடுகுடுப்பைக் குரலோடு, கையை நீட்டி நடித்தே காட்டினேன். கேட்ட இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போதே வேலை கிடைத்துவிட்டது.

அந்த சந்தோஷத்தில் பஸ் ஸ்டாப்பில் நின்று அம்மாவுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"சோசியப் பாப்பா!"

அந்த அக்காதான். பாதியாக இளைத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கே இருக்கிறீர்கள், வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"ஊருக்கு வெளியதான் போட்டாங்க. ரெண்டு பஸ்சு மாறி வர்றேன். நேரத்துக்கு வர முடிலன்னு ஒரு ஊட்ட உட்டா மத்த ஊட்ல எல்லாம் நிறுத்திட்டாங்க. அதாச்சும் போவட்டும். கால் முடியாதவங்க ஊட்ல இருந்தா, மொதல்லயே வந்து எழுதிக் குடுங்க, கீழ் ஊடு தர்றோம்னு சொன்னாங்க. எங்க ஊட்டுக்காரரு போயிரலாம்னுதான் சொன்னாரு. நான்தான், அந்தப் பாப்பா சொல்லிக்கீது, தை வரைக்கும் இருய்யான்னு இழுத்துக்கினு இருந்தேன். தை வந்துச்சு. கூடவே ஜேசிபியும் வந்துச்சு. அப்புறம் மிச்சம் இருந்தது ஏழாவது மாடிதான். லிப்ட்டு பாதி நாளு ஓடாது. அவரு தரையில கால வச்சு மாசக்கணக்கா ஆவுது பாப்பா."

அம்மா போனில் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார். கட் செய்தேன்.

அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "ஒன் மேல இன்னா தப்பு? கைல இருந்ததத்தான் நீ சொன்ன. எங்க கெரகம் மாறிப்போச்சு" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். சொல்லிவிட்டு அந்தக் கையை மறுபடியும் என் முன்னால் நீட்டினார். விரல் இடுக்கெல்லாம் சோப்புத் தண்ணீரில் வெந்து வெடித்திருந்தது. "இப்போ பாத்துச் சொல்லு. கீழ் ஊடு எதுனா கெடைக்குமா? மனசுக்காவ சொல்லாத, இன்னா கீதோ அதச் சொல்லு."

பக்கத்தில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"அக்கா, எனக்குச் சோசியம் தெரியாது. நான் படிச்சது அது இல்ல. அன்னைக்கு விளையாட்டுக்குத்தான் அப்படிச் சொன்னேன். மன்னிச்சிடுங்கக்கா."

நீட்டிய கையை அவர் உடனே எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம்கூட இல்லை, புரியாத பார்வை.

"அப்போ இன்னாதான் படிச்ச நீ?"

பந்தியில் மூச்சு விடாமல் ஒப்பித்த அந்தப் பட்டியல்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் அவர் பஸ் வந்துவிட்டது. கூட்டத்தோடு ஏறிக்கொண்டார். எந்த பிளாக், என்ன நம்பர் என்றாவது கேட்டிருக்கலாம், யாரிடமாவது சொல்லி வீடு மாற்றித் தர முயன்றிருக்கலாம். அந்தப் புத்தி வந்தபோது பஸ் திரும்பிவிட்டது. பிறகு எத்தனையோ சாயங்காலம் அதே ஸ்டாப்பில் நின்று பார்த்தேன். அவர் வரவே இல்லை. மிச்சமிருந்த அந்த ஒரு வீட்டு வேலையும் போய்விட்டதோ என்னவோ.

வேலையில் சேர்ந்துவிட்டேன். அவரை வைத்துச் சிரிக்கவைத்துக் கிடைத்த வேலை என்று தெரிந்தும் சேர்ந்தேன்; சம்பளம் வாங்குகிற ஒவ்வொரு மாதமும் அது குத்துகிறது. அந்தக் கதையை இதுவரை வேறு யாரிடமும் நடித்துக் காட்டவில்லை. எந்த வீட்டு வாசலில் யார் என்ன படித்தாய் என்று கேட்டாலும், சோசியாலஜி என்று சொல்லி நிறுத்துவதில்லை. மனுஷங்க சேர்ந்து எப்படி வாழறாங்கன்னு படிச்சேன், அவ்வளவுதான், வேற எதுவும் எனக்குத் தெரியாது என்று நிதானமாகச் சொல்லி, அவர்களுக்குப் புரிந்ததா என்று பார்த்த பிறகுதான் முதல் கேள்வியைக் கேட்கிறேன். அப்படியும் யாராவது சிரித்த முகத்தோடு கதவைத் திறந்து "வா கண்ணு" என்று கூப்பிட்டால், ஏழாவது மாடியில் கட்டிலை விட்டு இறங்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் ஞாபகம் வந்து, எனக்கு அந்தப் படியில் கால் வைக்கவே கூச்சமாக இருக்கிறது.