குஜிலியம்பாறைக்கு வந்த ஹங்கேரி

எனக்கு ஒன்பது வயதில் எங்கள் வீட்டிலேயே ஓர் உத்தியோகம் கிடைத்தது. அப்பா சொல்வதைச் சித்தப்பாவிடமும், சித்தப்பா சொல்வதை அப்பாவிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இருவரும் பேசிக்கொள்வதில்லை. பேச்சு நின்றுபோன வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால் போதும், காரியம் எதுவும் நிற்காது என்பது எங்கள் பக்கத்து ஏற்பாடு. "சாப்பிட வரச் சொல்லு" என்று அப்பா சுவரைப் பார்த்துச் சொல்வார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பா, காதில் எதுவும் விழாதவர்போல நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பார். நான் போய், "சித்தப்பா, சாப்பிட வரணுமாம்" என்றால்தான் எழுந்திருப்பார். இரண்டு பெரிய மனிதர்களும் என் வாயை எதிர்பார்த்துக் காத்திருக்கும் அந்த நேரம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

சண்டைக்குக் காரணம் சினிமா. தாத்தா இறந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஏர் பிடித்தவர் அப்பா. தம்பியாவது படிக்கட்டும் என்று கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்த்துவிட்டார். சித்தப்பா அதைப் பாதியில் விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்க் கேமராப் படிப்பில் சேர்ந்துவிட்டார். அப்பாவுக்கு அது தெரிந்தது திண்டுக்கல் வெங்காய மண்டியில், பத்துப் பேர் நடுவில், வேறு யாரோ சொல்லி. படிப்பை விட்டதைக்கூட மன்னித்திருப்பார். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் அவருக்கு ஆறவில்லை. அன்றிலிருந்து தம்பி முகத்தில் முழிப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். சும்மா பேச்சுக்கு இல்லை. சித்தப்பா லீவுக்கு வந்தால், அப்பாவின் பார்வை அவருடைய இடுப்புக்கு மேலே ஏறவே ஏறாது.

படிப்பு முடிகிற வருஷம், முழுப்பரீட்சை லீவில், சித்தப்பா ஒரு மரப்பெட்டியோடு வந்து இறங்கினார். அவராகவே ஒரு சின்னப் படம் எடுத்துக் காட்டினால்தான் பாஸ் போடுவார்களாம். அப்பா அம்மாவிடம் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தார். இந்தத் தடவை பாஸ் ஆகவில்லை என்றால் மறுபேச்சு இல்லாமல் ஊருக்கு வந்து மண்டியில் கணக்கு எழுத உட்கார்ந்துவிட வேண்டும். சித்தப்பாவும் என் மூலமாகச் சரி என்று சொல்லியிருந்தார். அந்தச் 'சரி'யைச் சொல்லும்போது அவர் குரல் எலிக்குஞ்சு மாதிரி கேட்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பெட்டிக்குள் இருந்தது ஒரு பழைய கேமரா. மின்சாரம் கிடையாது, பேட்டரி கிடையாது. பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் உள்ளே பிலிம் ஓடும். கல்லூரியில் கண்ணாடி அலமாரிக்குள் காட்சிக்கு வைத்திருந்ததை, கெஞ்சிக் கூத்தாடி, பழுது பார்த்து வாங்கி வந்திருந்தார். எண்ணெயும் தோலும் கலந்த ஒரு வாசனை அதிலிருந்து வரும். நான் நாள் முழுக்க அதை மோந்துகொண்டே திரிந்தேன்.

நூறு வருஷத்துக்கு முன்னால் ஹங்கேரி என்ற தேசத்தில் இப்படி ஒரு கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த ஒருவரைப் பற்றித்தான் சித்தப்பாவின் படம். அம்மா சோளத்தை முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டே கதை கேட்டாள். அந்த ஆளே படம் எடுப்பாராம், அவரே இருட்டு அறையில் பிலிமைக் கழுவுவாராம், அவரே காயப் போடுவாராம். லைட்டெல்லாம் கிடையாது, சூரியன்தான். வீட்டுக்குள் நடக்கிற காட்சி என்றால் கண்ணாடிக் கூரை போட்ட கொட்டகை. கை ஒரே சீராகச் சுற்ற வேண்டும் என்பதற்காக வாய்க்குள் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சுற்றுவாராம். இத்தனை பாடுபட்டும் அவர் எடுத்த படம் ஒன்றுகூட இன்று இல்லை. நெருப்பிலும் யுத்தத்திலும் எல்லாம் போய்விட்டது. யாரோ அவரை எடுத்த ஒரே ஒரு போட்டோதான் மிச்சம்.

"பாவம். கல்யாணம் காச்சி ஆச்சா தம்பி அந்த மனுசனுக்கு?" என்று அம்மா கேட்டாள். சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. பெயரைச் சொன்னார், எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் எங்கள் வீட்டில் அவர் ஹங்கேரிக்காரர் ஆனார்.

சித்தப்பா அந்தப் போட்டோவின் நகலைக் காட்டியதும் நான் வாயைப் பிளந்துவிட்டேன். கேமராவோடு ஹங்கேரிக்காரர், அவரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் பொட்டல். ஒரு கிணறு, அதன் மேல் தண்ணீர் இறைக்கிற ஏற்றம். பக்கத்தில் நீளக் கொம்போடு இரண்டு மயிலைக் காளைகள். அச்சு அசல் எங்கள் மேட்டுக்காடு! மழையை நம்பிச் சோளமும் கடலையும் போட்டு, அறுத்த பிறகு வெறும் மண்ணாகக் கிடக்கும் எங்கள் குஜிலியம்பாறைக் காட்டை எவனோ வெள்ளைக்காரன் வந்து படம் எடுத்துப் போய்விட்டான் என்றே நினைத்தேன். சித்தப்பாவும் அப்படித்தான் நினைத்தாராம், சென்னையில் முதல்முதலாக அதைப் பார்த்தபோது. அதனால்தான் இந்த ஆளையே பிடித்துக்கொண்டார்.

காடு இருந்தது, கிணறு இருந்தது, ஏற்றம் இல்லை. மோட்டார் வந்த பிறகு ஏற்றம் எவன் வீட்டில் இருக்கிறது? சித்தப்பா இரண்டு வேப்பங்கவையை நட்டு, மூங்கிலைக் கட்டி, ஒன்றை எழுப்பினார். அப்பா வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "ஓணான் ஏறி உக்காந்தா ஒடிஞ்சிரும்னு சொல்லு" என்றார். நான் ஓடிப் போய்ச் சொன்னேன். "படம் எடுக்குற வரைக்கும் நின்னாப் போதும்னு சொல்லு" என்றார் சித்தப்பா. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் மூங்கில் கயிற்றோடு சேர்ந்து தரையில் படுத்திருந்தது. அப்பா மண்வெட்டியை எடுத்துக் குழியை ஆழப்படுத்தத் தொடங்கினார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "பாக்குறவன் என்னையத்தான சிரிப்பான்" என்றார்.

காளை விஷயத்தில்தான் பிடிவாதம். உழவுக்கு இருக்கிற மாட்டைக் கூத்தாட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அம்மா புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "காளை ரெண்டும் எங்க அய்யா எனக்குச் சீராக் குடுத்தது. நான் அனுப்புறேன். கேக்க ஆரு இருக்கா?" அவ்வளவுதான். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆனால் அந்தக் காளைகள் அப்பா இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்காது. ஆக, படம் எடுக்கிற அன்று அப்பாவும் வந்தே தீர வேண்டியதாயிற்று.

படம் எடுக்கிற அன்று என்ன நடந்தது தெரியுமா? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. சித்தப்பாதான் ஹங்கேரிக்காரராக நடிக்கிறார். தொப்பி, ஒட்டுமீசை, தக்காளிப் பெட்டிக்குக் கறுப்புச் சாயம் அடித்துச் செய்த பொய்க்கேமரா எல்லாம் தயார். நிஜக்கேமராவைச் சுற்றச் சென்னையிலிருந்து அவருடைய சிநேகிதர் வர வேண்டும். அவர் மஞ்சள்காமாலை என்று போனில் சொல்லிவிட்டார். மறுநாள் கேமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிலிமோ ஒரே டப்பா, சில நிமிஷம் ஓடும், அவ்வளவுதான். சித்தப்பா மீசையோடு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மண்டியில் கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டவர்போல இருந்தது முகம்.

அம்மா கேமராவின் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தாள். அவள் வேகமாகச் சுற்றுகிறாள். நான் சுற்றினால் பாதியில் கை நின்றுவிடுகிறது. நொடிக்கு இரண்டு சுற்று, ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. எங்கள் வீட்டில் தினமும் அப்படிச் சுற்றுகிற கை ஒன்றே ஒன்றுதான். சோளத்தட்டை வெட்டுகிற மெஷினைக் காலையும் மாலையும் சுற்றுகிற அப்பாவின் கை. எல்லோருக்கும் அது தெரியும். யார் கேட்பது?

சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். "கேட்டுப் பாரு பாப்பா" என்றார். என்ன கேட்க வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. நானாக வார்த்தை சேர்த்து, "அப்பா, நீங்க சுத்தலைன்னா சித்தப்பா பெயிலாம்" என்று போட்டு உடைத்தேன்.

அப்பா கையில் சுற்றியிருந்த காளைக் கயிற்றைப் பிரித்தார். பிறகு கயிற்றை அம்மா கையில் கொடுத்தார்.

பழகிப் பார்த்தபோது சிரிப்புதான். கேமராவின் பக்கவாட்டில் இருந்த சின்னக் கண்ணாடிக்குள் பார்த்த அப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார். "ஏத்தா, எல்லாம் தலைகீழாத் தெரியுதுன்னு சொல்லு."

"இந்தக் கேமராவுல அப்புடித்தான் தெரியும்னு சொல்லு."

"அவன் சோலியெல்லாம் தலைகீழுதான்னு சொல்லு."

அதைச் சொல்வதா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் அம்மா சிரித்துவிட்டாள். அவளுக்கு அன்று குஷி. சித்தப்பா கொடுத்த வெள்ளைத் துணியைத் தலையில் போட்டுத் தாடைக்குக் கீழே முடிச்சிட்டு, ஹங்கேரிக்காரியாகக் காளைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா கேமராவுக்குப் பின்னால் நின்று அதட்டினால் காளைகள் அவளோடு நடந்தன. "பாட்டு எதுனாச்சும் முணுமுணுத்தாத்தான் கை சீரா வருமாம்ல" என்று அவள் அங்கிருந்தே கத்தினாள். "ஏன், ஆடவுஞ் செய்யவா?" என்றார் அப்பா.

வெயில் சாய்வதற்குள் எடுத்தோம். தையல் மெஷின் மாதிரி ஒரே சீராகக் கேமரா கடகடத்தது. அப்பாவின் கை எண்ணெய் போட்ட சக்கரமாக ஓடியது. அம்மா காளைகளை ஓட்டி வந்தாள். ஏற்றம் தாழ்ந்து எழுந்தது. காளைகள் தொட்டியில் தண்ணீர் குடித்தன. ஹங்கேரிக்காரர் தக்காளிப் பெட்டியை முக்காலிமேல் நிறுத்தி அவற்றைப் படம் எடுத்தார். கடைசியில், சித்தப்பா முன்பே சொல்லி வைத்தபடி, அவர் எங்கள் பக்கம் திரும்பி நடந்து வந்தார். பக்கத்தில் வந்து நின்று, தொப்பியை எடுத்துவிட்டு, கேமராவை நேராகப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களை எடுத்தவர் ஒரு தடவையாவது ஓடுகிற படத்துக்குள் வரட்டும் என்று சித்தப்பா ஆசைப்பட்டிருந்தார்.

அப்போது அப்பா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தார். நிமிர்ந்து, கேமராவுக்கு மேலாகச் சித்தப்பாவை நேரே பார்த்தார். கடகடச் சத்தம் தளர்ந்தது. கை மெல்ல, மெல்ல இறங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. "அப்பா, சுத்துங்க! சுத்துங்கப்பா!" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். தூக்கத்தில் உலுக்கப்பட்டவர் மாதிரி விழித்து, மறுபடி சுற்றினார். பிலிம் முடிந்தது. அப்பா காளைகளை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

சில வாரம் கழித்துச் சித்தப்பா ஒரு சிடியோடு வந்தார். வாசலிலேயே, "பாஸுன்னு சொல்லு பாப்பா" என்றார். அம்மா சர்க்கரையை அள்ளிக்கொண்டு வந்து அவர் வாயில் போட்டாள். என் வாயிலும் போட்டாள். அப்பா, "சரின்னு சொல்லு" என்றார்.

டிவியில் போட்டோம். சத்தமே இல்லாத படம். எங்கள் காடு ஹங்கேரியாக இருந்தது. அம்மா தன்னைப் பார்த்து வெட்கப்பட்டு முந்தானையைக் கடித்துக்கொண்டாள். ஹங்கேரிக்காரர் நடந்து வந்தார், தொப்பியை எடுத்தார். உடனே படம் வெளுக்க ஆரம்பித்தது. வெள்ளை, இன்னும் வெள்ளை. சித்தப்பாவின் முகம் வெளிச்சத்தில் கரைவதுபோல ஆகி, பிறகு திரும்பி வந்தது.

கை மெதுவானால் பிலிமின் ஒவ்வொரு கட்டத்திலும் வெயில் கூடுதலாக விழும், அதனால்தான் இப்படி வெளுக்கும் என்று சித்தப்பா எனக்கு விளக்கினார். வாத்தியார்கள் இந்த இடத்தில்தான் மார்க்கைக் குறைத்தார்களாம். "இங்க மட்டும் கை ஏன் நின்னுச்சுன்னு கேளு. கோவத்துல கேக்கலை, சும்மா தெரிஞ்சுக்கிறதுக்குன்னு சொல்லு" என்றார்.

நான் கேட்டேன். அப்பா, "திருப்பிப் போடச் சொல்லு" என்றார். போட்டோம். முகம் வந்தது, வெளுத்தது. "இன்னொருக்கா" என்றார். மறுபடி போட்டோம். முகம் வெளுக்கப்போகிற இடத்தில் அப்பா கையைத் தூக்கினார். சித்தப்பா படத்தை நிறுத்தினார். டிவி நிறைய அவர் முகம். ஒட்டுமீசைக்கு மேலே கன்னம் ஒட்டிப்போய், கண் குழி விழுந்து.

அப்பா அந்த டிவியைப் பார்த்துக் கேட்டார். "ஏன்டா, இம்புட்டு மெலிஞ்சு போய்ட்ட? அங்க சோறு திங்கிறியா, இல்லையா?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அப்பாவை நினைத்துப் பெரிய சங்கடமாகப் போய்விட்டது. ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, போயும் போயும் டிவியிடம் கேட்கிறாரே! இருந்தாலும் என் உத்தியோகத்தில் நான் குறை வைத்ததில்லை. சித்தப்பாவிடம் திரும்பி, "அங்க சோறு திங்கிறீங்களா இல்லையான்னு அப்பா கேக்குறாரு" என்று தெளிவாகச் சொன்னேன். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குப் பதில் கொண்டுபோக வேண்டுமே என்று, நான் அந்தத் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தேன். "சொல்லுங்க சித்தப்பா, திங்கிறீங்களா, இல்லையா?"