பராமரிப்பவர் என்ற வரி

“டிரைவர் இதை முதலில் படித்துக்கொள்ளும்” என்ற வாக்கியத்தை நான் அடித்து நீக்கியபோது ரேவதி என் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். அடுத்தவர் எழுதியதை அவர் கண்ணெதிரே அடிப்பதுதான் இந்த வேலை. செய்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வீடும் குடியிருப்பவரும்

வண்டிகளுக்கு மின்னணு போர்டு செய்யும் ஓசூர் கம்பெனி எங்களுடையது. சிப்பின் ஒரே கால், அதாவது பின், சில நேரம் விளக்கெரிக்கும், சில நேரம் செய்தி அனுப்பும். எந்தக் காலுக்கு எந்த வேலை என்று வகுப்பது பின் கன்ட்ரோலர். அதை லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு விவரிக்கும் ஆவணத்தை ரேவதி எழுதினாள். வெளியே அனுப்புமுன் சரிபார்ப்பவள் நான்.

ஹார்டுவேர் எப்படி இருக்கிறது என்று மட்டுமே அதில் எழுதலாம், சாஃப்ட்வேர், அதாவது டிரைவர் என்கிற நிரல், அதை என்ன செய்கிறது என்று எழுதக் கூடாது என்றேன். அவள் அடிபட்ட வரியைக் காட்டிக் கேட்டாள்.

“அப்ப ஊட்டப் பத்தி மட்டும் சொல்லணும், உள்ள குடியிருக்கறவங்களப் பத்திப் பேசக் கூடாது. அதானேக்கா?”

இல்லாத கால்

எடுத்துக்காட்டுப் பகுதியை வேறொரு சிப்பின் ஆவணத்திலிருந்து எடுத்துப் போட்டிருந்தாள். நாம் எல்லோரும் செய்வதுதான். அதில் வந்த ஒரு கால் எங்கள் சிப்பில் கிடையாது. சோதிக்கும் நிரல் ஒரு குறையும் சொல்லவில்லை. அது எழுத்தின் அமைப்பைத்தான் பார்க்கும், உண்மையைப் பார்க்காது.

“எங்கப்பாகிட்ட பொய் சொல்றப்பவும் இப்படித்தாங்க்கா. வாக்கியம் ஒழுங்கா இருந்தா உட்டுருவாரு.”

அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம்

ஆவணம் ஒருமுறை ஏற்கப்பட்டுவிட்டால் அதிலுள்ள பெயர்களை மாற்ற முடியாது; விற்றுப்போன போர்டுகள் அவற்றை நம்பியிருக்கும். அதனால் கெர்னல் குழுவினர் அவசரப்படுவதில்லை. ஒரு பெயரைத் திருத்தி அனுப்புவோம், பதிலுக்குக் காத்திருப்போம், வேறொரு பெயரைப் பற்றிக் கேள்வி வரும்.

இதற்கிடையில் எங்கள் பிரிவை அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி பெங்களூருக்கு மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொண்டோம். ரேவதிக்கு வீடு ஓசூரை அடுத்த பாகலூரில், குழந்தைக்கு மூன்று வயது. வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டாள்; அதற்குள் இந்த ஆவணமாவது கெர்னலில் ஏறிவிட்டால் போதும் என்றுதான் இருந்தாள். கம்பெனி பஸ் விடுகிறார்களே என்று மேலாளர் சொல்லிப் பார்த்தார்.

“பஸ்ஸு உடறீங்க சார், அத்திப்பள்ளில நெரிசல யாரு எடுத்து உடறது? புள்ள என்னை போட்டோல பாத்துக்கட்டுங்களா?”

போகிறவர் பெயர்

அவளுடைய கடைசி நாள் மதியம் பதில் வந்தது. எல்லாம் சரி, ஏற்றுக்கொள்கிறோம். பராமரிப்பவர் முகவரி நிலைத்திருக்குமா என்பதை மட்டும் உறுதிசெய்யுங்கள். இந்த ஆவணங்களில் பராமரிப்பவர் என்று ஒரு வரி உண்டு. உலகத்தில் யார் அந்த சிப்போடு மல்லுக்கட்டினாலும் அந்தப் பெயருக்குத்தான் எழுதுவார்கள். அதில் ரேவதியின் பெயரும் ஆபீஸ் மின்னஞ்சல் முகவரியும் இருந்தன. மாலையில் அந்த முகவரி மூடப்பட்டுவிடும்.

“போறவங்க பேர எதுக்கு வெச்சிருக்கீங்க மேடம்? உங்க பேரப் போட்டு அனுப்பிருங்க” என்றார் மேலாளர்.

சொந்த முகவரியைக் கொடேன் என்று அவளிடம் கேட்டேன். டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வரக் கிளம்பியவள் நின்றாள்.

“கையில போர்டே இல்லாம எவனுக்குன்னு பதில் சொல்றது? உங்க பேரயே போடுங்கக்கா.”

போட்டேன். ஒருத்தி எழுதியதை மாதக்கணக்கில் திருத்திவிட்டு, கடைசியில் அவள் பெயரையும் திருத்துவதுதான் சரிபார்ப்பவரின் வேலை முடிகிற விதம்.

கழித்துப்போட்ட போர்டுகளின் தட்டில் எங்கள் சிப் உள்ளது ஒன்று கிடந்தது. கேட்டதற்கு மேலாளர் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அதைத் துணியில் சுற்றி அவள் பைக்குள் வைத்தேன். ரேவதி வந்து பையைத் தூக்கினாள், திறந்து பார்த்தாள், மூடினாள். பிறகு ஈரக்கையைத் துடைத்துவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்து, என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் சொந்த முகவரியையும் அடித்துச் சேர்த்தாள்.